உளவுத் தகவலை எதைக் கொண்டு அளப்பது?

1941 மே மாதம் கிரீட் தீவைக் காக்கும் பொறுப்பு நியூசிலாந்துத் தளபதி பெர்னார்டு ஃபிரைபெர்க்கிடம் இருந்தது. எந்தத் தளபதிக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று அவர் கையில் இருந்தது: எதிரியின் திட்டம். ஜெர்மானியர் வானிலிருந்து குதிக்கப் போகிறார்கள். மாலெமெ, ரெதிம்னோ, ஹெராக்லியன் விமானத் தளங்களே அவர்கள் குறி. ஏறக்குறைய எந்த நாளில் வருவார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்து ஜெர்மன் எனிக்மா சங்கேதங்களை உடைத்தவர்கள் அனுப்பிய செய்தி அது. ஆள் பலத்திலும் அவர் பக்கமே கை ஓங்கியிருந்தது. மே 20 காலை பாராசூட்டுகள் எதிர்பார்த்த இடங்களிலேயே இறங்கின. ஆனால் ஜூன் முதல் தேதிக்குள் தீவு ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. நேச நாட்டுப் படையினர் ஏறக்குறைய 12,000 பேர் சிறைப்பட்டார்கள்.

நம் நாட்டில் ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்கும் மறுநாள் ‘உளவுத் தோல்வி’ என்ற தலைப்பு வந்துவிடுகிறது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி அதைச் சொல்லும். தகவல் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது என்று ஆளும் தரப்பு மறுக்கும். நான்கு நாளில் பேச்சு ஓய்ந்துவிடும். இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ராணுவ நடவடிக்கை ஒன்றில் உளவுத் தகவலின் மதிப்பு என்ன, அதை எப்படிக் கணக்கிடுவது? கேள்வியைச் சரியாகக் கேட்காதவரை எந்த விசாரணைக் குழுவும் சரியான பதிலைத் தர முடியாது. அதனால்தான் பொறுமையாக இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரீட்டில் தகவல் சரியாக இருந்தும் ஏன் தோற்றார்கள்? ஃபிரைபெர்க்கிடம் பீரங்கிகள் குறைவு, டாங்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, வானொலிக் கருவிகள் மிகக் குறைவு. தீவில் மிச்சமிருந்த சில போர் விமானங்களும் தாக்குதலுக்கு முதல் நாள் எகிப்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மாலெமெ விமானத் தளத்துக்கு மேலே 107 என்ற எண்ணால் அழைக்கப்பட்ட குன்று ஒன்று இருந்தது. அதைப் பிடித்திருந்த நியூசிலாந்துப் படைப்பிரிவின் தலைவருக்கு முதல் நாள் இரவு தன் முன்னணிக் கம்பெனிகளோடு தொடர்பு அறுந்துபோயிற்று. அவர்கள் அழிந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பின்வாங்கினார். அவர்கள் அழியவில்லை. விடிந்தபோது குன்று ஜெர்மானியரிடம் இருந்தது. அதன்பின் மாலெமெயில் அவர்களுடைய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. பெர்லினின் ரகசியத்தைப் படிக்க முடிந்தவர்களுக்கு, அடுத்த சரிவில் நிற்கும் தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய வழியில்லை.

ஃபிரைபெர்க்கைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சங்கேதம் உடைந்த ரகசியம் வெளியாகிவிடக் கூடாது என்பதற்காகப் படைகளை இடம் மாற்ற அவருக்கு அனுமதி இல்லை என்று அவருடைய மகன் எழுதினார். கடல் வழியே வரும் படையைப் பற்றிய செய்தியை அவர் தவறாகப் படித்து, கரையோரத்திலேயே கண் வைத்திருந்தார் என்கிறார்கள் வேறு சிலர். எது உண்மையானாலும் ஒன்று தெளிவாகிறது. தகவல் வந்துசேர்வது பாதி வழிதான். அது எப்படிப் படிக்கப்பட்டது, அதை வைத்து எதையாவது செய்ய அனுமதியும் ஆயுதமும் இருந்தனவா என்பதில்தான் மீதி வழி இருக்கிறது. திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரமும், ஒற்றர் தந்த செய்தியின் பொருளை உணராத மன்னனுக்கு வெற்றி இல்லை என்றுதான் சொல்கிறது.

சரி, கிரீட்டில் அந்தத் தகவல் வீணாயிற்றா? அப்படியும் சொல்ல முடியாது. பாதுகாவலர்கள் ஆயத்தமாகக் காத்திருந்ததால் குதித்தவர்கள் வானிலேயே சுடப்பட்டார்கள். ஜெர்மன் தரப்பில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறக்குறைய 4,000 பேர். அந்த இழப்பைக் கண்ட ஹிட்லர், அதன்பின் அந்த அளவில் ஒரு பாராசூட் தாக்குதலுக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. மால்டா தீவின் மீது அப்படியொரு தாக்குதல் திட்டமிடப்பட்டும் நடக்காமல் போனதற்கு கிரீட்டும் ஒரு காரணம். ஆக, தோற்ற போரிலும் உளவுத் தகவலுக்குப் பலன் இருந்திருக்கிறது. அந்தப் பலன் வேறொரு தீவில், வேறொரு ஆண்டில் வெளிப்பட்டது. எந்தக் கணக்கேட்டில் அதை வரவு வைப்பது?

வழக்கமாக நாம் எடுக்கும் அளவுகோல் இரண்டு. தகவல் சரியா தவறா என்பது ஒன்று. வென்றார்களா தோற்றார்களா என்பது இன்னொன்று. இரண்டையுமே கிரீட் முறித்துப் போட்டுவிடுகிறது.

முதல் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். தகவலின் துல்லியத்தை எண்ணால் சரிபார்க்கக் கிடைத்த அரிய சந்தர்ப்பம் ஒன்று வரலாற்றில் உண்டு. ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கு செய்கிறது என்பது நேச நாடுகளுக்கு ஓயாத கவலை. ஒற்றர் செய்திகள், கைதிகளின் வாக்குமூலங்கள் முதலியவற்றை வைத்து உளவு அமைப்புகள் ஒரு கணக்குச் சொல்லின. லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த பொருளாதாரப் போர்ப் பிரிவினர் வேறு வழியில் போனார்கள். பிடிபட்ட டாங்குகளின் கியர்பாக்ஸ் போன்ற உறுப்புகளில் பொறித்திருந்த வரிசை எண்களை எழுதி எடுத்து, புள்ளியியல் முறையில் மொத்த உற்பத்தியைக் கணித்தார்கள். போர் முடிந்தபின் ஜெர்மன் அமைச்சகத்தின் சொந்தப் பதிவேடுகள் கிடைத்தன. 1940 ஜூன் மாதத்துக்கு உளவு அமைப்புகள் சொன்னது 1,000. வரிசை எண் கணக்கு சொன்னது 169. உண்மையில் செய்தது 122. 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுக் கணக்கு 1,550, வரிசை எண் கணக்கு 327, உண்மை 342. வியக்க வைக்கும் வெற்றி இது. இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது.

ஆனால் இந்தத் துல்லியம் எந்த முடிவை மாற்றியது? வரிசை எண் ஆய்வு தொடங்கியதே 1943-இல்தான். 1940-ஐப் பற்றிய சரியான எண் 1940-இல் முடிவெடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஜெர்மனி செய்த பாந்தர் டாங்குகள் 270 என்று கணித்தார்கள், உண்மை 276. அந்தப் பெரிய டாங்கு களத்தில் அபூர்வமாகத்தான் எதிர்ப்படும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது எச்சரிக்கைதான். ஆனால் நார்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில மாதங்களே இருக்கையில், ஷெர்மன் டாங்குகளை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் செய்து கடல் கடந்து அனுப்ப நேரம் ஏது? சரியான தகவல் தாமதமாக வந்தால் அது வரலாற்றாசிரியருக்குத்தான் உதவும். அந்த ஆய்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. துல்லியமும் பயனும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது அளவுகோல் வெற்றி. உளவால் வந்த வெற்றிக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 1942 ஜூன் மாதத்து மிட்வே கடற்போர். பேர்ல் ஹார்பரில் நிலத்தடி அறையொன்றில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் தலைமையில் வேலை செய்த குழு, ஜப்பானியக் கடற்படைச் சங்கேதத்தில் ‘ஏஎஃப்’ என்று வரும் இடம் மிட்வே தீவுதான் என்று கருதியது. வாஷிங்டனில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. மிட்வேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தியை மறைக்காமல் வெளிப்படையாக ஒலிபரப்ப ஏற்பாடு செய்தார்கள். இரண்டொரு நாளில் ‘ஏஎஃப்’பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியர் தங்கள் சங்கேதத்தில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்து, எதிரி எங்கே எப்போது தென்படுவான் என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் தன் உளவு அதிகாரி எட்வின் லேட்டனைக் குறிப்பாகக் கேட்டார். லேட்டன் சொன்ன கணிப்பு ஐந்து மைல், ஐந்து பாகை, ஐந்து நிமிடம் மட்டுமே தவறியது.

இந்த இடத்தில் மதிப்பு எங்கே இருந்தது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். நிமிட்ஸ் எடுத்த முடிவுகளில் இருந்தது. பவளக் கடல் போரில் அடிபட்டு வந்த யார்க்டவுன் விமானந்தாங்கியைப் பழுதுபார்க்கப் பல வாரம் ஆகும் என்று கருதியிருந்தார்கள். மூன்றே நாளில் ஒட்டு வேலை செய்து அதைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஹவாயைக் காப்பதா, அலூஷியன் தீவுகளைக் காப்பதா, அமெரிக்க மேற்குக் கரையைக் காப்பதா என்று கப்பல்களைப் பிரித்து நிறுத்தாமல், மூன்று விமானந்தாங்கிகளையும் மிட்வேக்கு வடகிழக்கே பதுங்க வைத்தார். தகவல் இல்லாவிட்டால் அந்த மூன்று கப்பல்களும் அந்த இடத்தில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்த அளவுக்கு உளவின் பங்கை உறுதியாகச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை. ஜூன் 4 காலை அமெரிக்க டார்பிடோ விமானங்கள் கொத்துக் கொத்தாக வீழ்ந்தன. எட்டாம் டார்பிடோ பிரிவின் 15 விமானங்களும் போயின; அவற்றில் சென்றவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார். குண்டுவீச்சு விமானங்களை நடத்திச் சென்ற வேட் மக்லஸ்கி, எதிரியைக் காணாமல் எரிபொருள் தீரும் நிலையில், தனியாக விரைந்துகொண்டிருந்த ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பலைப் பார்த்தார். அது தன் கூட்டத்தோடு சேரப் போகிறது என்று ஊகித்து அதே திசையில் பறந்தார். சில நிமிடங்களில் ஜப்பானின் மூன்று விமானந்தாங்கிகள் எரிந்தன. நான்காவது அன்று மாலை. மக்லஸ்கி வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பியிருந்தால் இன்று மிட்வேயை உளவின் வீண்பெருமைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரோஷ்ஃபோர்ட்டின் வேலையோ அப்போதும் இதே தரத்தில்தான் இருந்திருக்கும். அவருக்குப் பதக்கம் தர நிமிட்ஸ் பரிந்துரைத்தும் வாஷிங்டன் மறுத்தது. 1976-இல் அவர் இறந்துபோனார். அந்தக் கௌரவம் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து.

ஆகவே போரின் முடிவைப் பார்த்து உளவுக்கு மதிப்பெண் போடுவது தவறு. தளபதி முடிவெடுத்த கணத்தைப் பார்க்க வேண்டும். தகவல் வராதிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? வந்தபின் என்ன செய்தார்? அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் தகவலின் மதிப்பு.

சொல்வது எளிது. அந்த ‘இல்லாதிருந்தால்’ என்ற பாதியை யாரும் கண்ணால் கண்டதில்லை என்பதுதான் சிக்கல். ஒரே ஒரு போரில் மட்டும், கிட்டத்தட்ட ஒரு சோதனைச் சாலையைப் போல, தகவல் வருவதும் நிற்பதும் மீண்டும் வருவதுமாக இருந்தது: அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கும் நேச நாட்டுச் சரக்குக் கப்பல்களுக்கும் நடந்த போர். 1941 ஜூன் தொடங்கி பிளெட்ச்லி பார்க்கினர் நீர்மூழ்கிகளின் எனிக்மா செய்திகளைத் தாமதமில்லாமல் படித்தார்கள். நீர்மூழ்கிகள் காத்திருக்கும் இடங்களை விட்டு விலகிப் போகும்படி கப்பல் கூட்டங்களுக்கு வழி மாற்றிக் கொடுத்தார்கள். 1942 பிப்ரவரி 1 அன்று அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறின. பத்து மாதத்துக்கும் மேல் இருட்டு. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கிக்குள் இறங்கிய ஆண்டனி ஃபாசன், காலின் கிரேசியர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் குறிநூல்களை எடுத்து மேலே கொடுத்துவிட்டு, கப்பலோடு சேர்ந்து மூழ்கிப்போனார்கள். அந்தப் புத்தகங்களை வாங்கி வெளியே சேர்த்த டாமி பிரவுன் கப்பலின் கேன்டீனில் வேலை பார்த்த பதினாறு வயதுப் பையன். டிசம்பர் மாதத்தில் சங்கேதம் மறுபடி உடைந்தது.

இப்படி ஒளியும் இருளும் மாறி மாறி வந்த இடத்தில் கணக்கு எளிதாக இருக்க வேண்டும் அல்லவா? இழப்பு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். 1941 ஜூன் மாதத்தில் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களின் மொத்த அளவு சுமார் 3 லட்சம் டன். ஜூலையில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சங்கேத உடைப்பின் பலன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே ஜூன் மாதத்தில் பிரிட்டன் இன்னொன்றையும் செய்தது. காவலில்லாமல் தனியாகப் போகும் கப்பலுக்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்தை மணிக்கு 13 கடல் மைலிலிருந்து 15 கடல் மைலாக உயர்த்தியது. மெதுவாகத் தனியே போய் இரையாகிக்கொண்டிருந்த கப்பல்கள் எல்லாம் காவலோடு போகும் கூட்டத்துக்குள் வந்துவிட்டன. அட்லாண்டிக்கின் முழு அகலத்துக்கும் துணைக் கப்பல் கிடைக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். எந்தக் கப்பலைச் சங்கேதம் காத்தது, எதை இந்த உத்தரவு காத்தது?

மறுபுறமும் இதே குழப்பம்தான். 1942-இல் இழப்பு பயங்கரமாக ஏறியது. இருட்டின் விலை என்று அதைச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டின் முதல் பாதியில் பெரும்பாலான கப்பல்கள் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் கரீபியக் கடலிலும் மூழ்கின. அங்கே கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பும் முறையையே அமெரிக்கா அப்போது கொண்டுவந்திருக்கவில்லை. கரையோர நகரங்களின் விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. எனிக்மாவைப் படித்திருந்தாலும் வழி மாற்றிவிட அங்கே கூட்டங்கள் இல்லை. போதாததற்கு, பிரிட்டனின் கப்பல் கூட்டச் சங்கேதத்தை ஜெர்மன் கடற்படை உளவினர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தின் உளவை மட்டும் தனியாக எடுத்து அளக்கவே முடியாது. எதிரிக்கும் அதே வேலைக்கு ஆட்கள் உண்டு. 1943 மார்ச்சில் நேச நாடுகள் சங்கேதத்தைப் பெரும்பாலும் படித்துக்கொண்டிருந்தன. இருந்தும் சில நாள் தடங்கலில் எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்ற இரண்டு கப்பல் கூட்டங்கள் 22 கப்பல்களை இழந்தன. கடலில் நீர்மூழ்கிகள் அவ்வளவு நெருக்கமாக நின்றபோது வழி மாற்றிப் போக இடமே மிச்சமில்லை. அடுத்த மே மாதத்திலேயே 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற்றார். நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், சிறு விமானந்தாங்கிகள், புதிய ரேடார், வானொலித் திசை காட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டதன் விளைவு அது. சங்கேதம் அவற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிளெட்ச்லி பார்க்கில் பணிபுரிந்து, பின்னாளில் பிரிட்டிஷ் உளவுத் துறையின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய ஹாரி ஹின்ஸ்லி, சங்கேத உடைப்பு போரைக் குறைந்தது இரண்டு ஆண்டு குறைத்தது என்றார். போர் வரலாற்றாசிரியர் ஜான் கீகன் 2003-இல் வெளியிட்ட நூலில், உளவு துணைதான் செய்யும், போரை வெல்வது படைபலமே என்று வாதிட்டார். ஒரே ஆவணங்களைப் படித்த இருவர் இவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள். என் பார்வையில் ஹின்ஸ்லியின் ‘இரண்டு ஆண்டு’ நிரூபிக்க முடியாத ஒன்று. ஆனால் கீகன் கேள்வியையே மாற்றிவிட்டார். உளவு தனியாக எந்தப் போரை வென்றது என்று கேட்டால் பதில் எப்போதும் ‘எதையும் இல்லை’ என்றுதான் வரும். பீரங்கி தனியாக எந்தப் போரை வென்றது என்று கேட்டாலும் அதே பதில்தான்.

இதைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு: நடக்காமல் போன தாக்குதல். ஐப்பசி மழைக்கு முன் ஏரிக்கரையைப் பலப்படுத்திய ஊரில் உடைப்பு எடுக்காவிட்டால், வீண் செலவு என்று முணுமுணுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். 1973 மே மாதத்தில் எகிப்து படைகளைத் திரட்டுவதாகச் செய்தி வந்தபோது, இஸ்ரேலின் ராணுவத் தலைமைத் தளபதி டேவிட் எலாசர் ஓரளவு படை திரட்ட உத்தரவிட்டார். பெரும் செலவு. போர் வரவில்லை. போருக்கு வாய்ப்புக் குறைவு என்று அப்போது சொன்ன ராணுவ உளவுத் தலைவர் எலி செய்ராவின் சொல்லுக்கு அதனால் எடை கூடியது. இஸ்ரேல் ஆயத்தமானதைக் கண்டு எகிப்து தள்ளிப்போட்டதா, அந்த மாதம் தாக்கும் எண்ணமே அதற்கு இல்லையா என்ற கேள்விக்கு அன்று யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அக்டோபரில் அறிகுறிகள் மறுபடி வந்தபோது மே மாதத்து ‘பொய் எச்சரிக்கை’ எல்லார் மனதிலும் இருந்தது. அக்டோபர் 6 பிற்பகல் இரண்டு மணிக்கு இரு முனைகளிலும் போர் தொடங்கியது. இஸ்ரேல் 2,600-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. போருக்குப் பின் அமைந்த அக்ரானட் குழு எலாசர், செய்ரா இருவரையும் பதவி நீக்கச் சொன்னது. மே மாதத்தில் எச்சரிக்கையாக இருந்தவருக்கும் அக்டோபருக்காகத் தண்டனை. எச்சரிக்கை பலித்ததா என்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடும் அமைப்பு, காலப்போக்கில் எச்சரிக்கவே தயங்கும் அதிகாரிகளைத்தான் உருவாக்கும்.

நம் சொந்த அனுபவத்துக்கு வருவோம். 1999 மே முதல் வாரத்தில் படாலிக் பகுதி மலைகளில் ஊடுருவல்காரர்கள் இருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் கால்நடை மேய்ப்பவர்கள். அதன்பின் நடந்த கார்கில் போரில் இந்தியா 527 வீரர்களை இழந்தது. அந்த ஜூலையிலேயே மத்திய அரசு ஒரு மீளாய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, கூட்டு உளவுக் குழுவின் தலைவராக இருந்தவர். உளவு அறிக்கைகள் எப்படி எழுதப்படுகின்றன, யார் மேசையில் தூங்குகின்றன என்பதை உள்ளிருந்து அறிந்தவர். அதனால்தான் அந்த அறிக்கை ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், தகவல் நடந்துபோன வழியைத் தேடிப் பார்த்தது.

அது கண்டுபிடித்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கார்கிலுக்கு எதிரே எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் நடக்கும் நடமாட்டம் பற்றி உளவுப் பணியகமான ஐ.பி.யின் இயக்குநர் 1998 ஜூன் மாதத்தில் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை அனுப்பினார். பெரிய இடங்களுக்கெல்லாம் அது போயிற்று. ஆனால் அதை வைத்து மேலும் துருவக்கூடிய ‘ரா’ அமைப்பின் செயலாளருக்கும், மதிப்பீடு எழுதும் கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும், களத்துக்குக் கொண்டுபோகும் ராணுவ உளவுத் தலைமை இயக்குநருக்கும் அது முகவரியிடப்படவில்லை. மேலிருந்து தானாகக் கீழே இறங்கும் என்று எதிர்பார்த்தார்களாம். அந்த ஓர் அறிக்கையே ஊடுருவலைச் சுட்டிக்காட்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை, குழுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தகவலுக்கு மதிப்புப் பிறப்பதற்கே அது போய்ச்சேர வேண்டிய கை ஒன்று உண்டு. அந்தக் கையில் சேராத தகவலின் மதிப்பு, அது எவ்வளவு உண்மையானாலும், பூஜ்யம்.

கார்கில் இன்னொரு அளவுகோலையும் தந்திருக்கிறது. என்னைக் கேட்டால் உளவின் மதிப்பை ரூபாயில் சொல்ல இதைவிட நேர்மையான வழி இல்லை. போருக்கு முன் அந்த உயரங்களில் பல சாவடிகளைக் குளிர்காலத்தில் காலி செய்துவிட்டு வருவது வழக்கம். வெயில் திரும்பினால் மறுபடி ஏறுவார்கள். போருக்குப் பின் அது முடியாமல் போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே லே நகரில் 14-ஆவது கோர் என்ற புதிய படைத் தலைமையகம் உருவானது. ஒரு முழு மலைப் படைப்பிரிவு அங்கே நிரந்தரமாக நிற்கிறது. ஆண்டு முழுவதும் பனியில் நிற்கும் அந்த வீரர்களின் உணவு, எரிபொருள், குளிர் உடுப்பு, ஹெலிகாப்டர், பனிச்சரிவில் போகும் உயிர் எல்லாம் சேர்ந்ததுதான் ‘எதிரி எப்போது வருவான் என்று நமக்குத் தெரியாது’ என்பதன் விலை. தெரியாத இடத்தில் எல்லா இடத்தையும் காக்க வேண்டும். தெரிந்தால் வேண்டிய இடத்தை மட்டும் காக்கலாம். இப்படிப் பார்த்தால், எத்தனை தாக்குதலைத் தடுத்தோம் என்ற ஊகக் கணக்கில் இறங்காமலே, நம்பகமான முன்னறிவிப்பு எத்தனை பட்டாளத்துக்குச் சமம் என்று பாதுகாப்பு அமைச்சகம் கணக்கிட முடியும்.

2002-இல் பாதுகாப்பு உளவு முகமையும் 2004-இல் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பும் வந்தன. அமைப்புகள் கூடியிருக்கின்றன, அவற்றை அளக்கும் ஏற்பாடு கூடவில்லை. ஆண்டுக்கு எத்தனை அறிக்கை அனுப்பினோம் என்ற எண்ணைக் காட்டுவது எந்த அலுவலகத்துக்கும் எளிது. எல்லா ஊருக்கும் ‘தாக்குதல் நடக்கலாம்’ என்று ஒரு பொது எச்சரிக்கையை அனுப்பிவைத்தால் பின்னாளில் பழி வராது. நடவடிக்கை எடுக்க வேண்டிய காவல் கண்காணிப்பாளருக்கோ படைத் தளபதிக்கோ அதனால் ஒரு முடிவும் மாறாது. மாற வேண்டுமானால், தகவல் கையில் வந்தபோது பொறுப்பில் இருந்தவர் அதற்கு முன் என்ன செய்வதாக இருந்தார், பின் என்ன செய்தார், செய்யவில்லை என்றால் ஏன் என்பதை அன்றன்றே எழுதி வைக்கும் வழக்கம் வர வேண்டும். போர் முடிந்து பதக்கங்களும் பழிகளும் பங்கிடப்பட்ட பிறகு எழுதும் நினைவுக் குறிப்பில் அது கிடைக்காது. ஃபிரைபெர்க் விஷயத்தில் எண்பது ஆண்டாக நடக்கும் வழக்காடலே அதற்குச் சான்று.

எழுதி வைத்ததைப் படிக்கவும் வெளியாள் ஒருவர் வேண்டும். அமெரிக்க செனட் 1976-இல் இதற்கென நிலைக்குழு அமைத்தது. பிரிட்டன் 1994-இல் சட்டத்தின் மூலம் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ‘ரா’வும் ஐ.பி.யும் இன்றும் அரசின் உத்தரவில்தான் இயங்குகின்றன. 2011-இல் மணீஷ் திவாரி மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ரகசியம் கெடும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நடப்பிலுள்ள மூலங்களையும் முறைகளையும் யாரும் வெளியிடக் கேட்கவில்லை. ஆனால் போருக்கு முப்பது ஆண்டு கழித்து ‘அல்ட்ரா’ எனப்பட்ட அந்தச் சங்கேத உளவைப் பற்றி வெளிப்படையாக எழுத விட்ட பிரிட்டன், தன் தவறுகளையும் சேர்த்துப் பல தொகுதிகளில் அச்சிட்டது. இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்குகளில் பாதி அப்படித் திறந்த பெட்டிகளிலிருந்து வந்தவை.

நம்மிடம் கார்கில் அறிக்கை வெளிவந்தபோது உளவு பற்றிய பகுதிகள் பலவற்றை நீக்கிவிட்டுத்தான் அச்சிட்டார்கள். எல்லையில் சாவடிகளை முன்னே நகர்த்தினால் சீனா படைபலத்தால் எதிர்க்காது என்ற மதிப்பீட்டின் மேல் நின்று நாம் தோற்ற 1962 போரைப் பற்றி, ராணுவ அதிகாரிகள் ஹென்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-இல் எழுதிக் கொடுத்த ராணுவ அறிக்கையின் ஒரு பகுதியை 2014-இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் வெளியிட்டுவிட்டார். உலகமே படித்த பிறகும் அதிகாரபூர்வமாக அது ரகசியம்தான். அன்று முடிவெடுத்தவர்கள் யாரும் இன்று இல்லை. அந்த அறிக்கையை முழுமையாக நாடாளுமன்றத்தில் வைப்பதிலிருந்து அரசு தொடங்கலாம்.